எக்ஸார்சிஸ்ட்: 122 நிமிடமா, 132 நிமிடமா?

"எக்ஸார்சிஸ்ட் 4கேவில் வந்திருக்காமே, பார்க்கலாமா?" என்று யாராவது கேட்டால், "எந்த எக்ஸார்சிஸ்ட்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு அப்படி இரண்டு இருப்பதே தெரியாது. 1973 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான அந்தப் பேய்ப் படம் 122 நிமிடம். 2000ஆம் ஆண்டு தியேட்டர்களுக்குத் திரும்ப வந்தபோது, நீங்கள் இதுவரை பார்த்திராத வடிவம் என்ற விளம்பரத்தோடு பத்து நிமிடம் கூடி 132 நிமிடமாக வந்தது. 2023இல் படத்துக்கு ஐம்பது வயதானதை ஒட்டி வந்த 4கே வெளியீட்டில் இரண்டையுமே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கையில் இரண்டும் இருக்கிறது, ராத்திரி ஒன்பது மணி, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, எதைப் போடுவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு 122 நிமிடம்தான். ஏற்கெனவே பார்த்துப் பழகியவர்கள் 132க்குப் போகலாம், அதிலும் ஒரு காட்சிக்காக மட்டுமே போகலாம், அது எது என்று கீழே வருகிறது. இனி கதை உடையும், அதனால் படமே பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு 122ஐப் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை தெரிந்ததுதான். கிறிஸ் மெக்நீல் ஒரு நடிகை, படப்பிடிப்புக்காக வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பக்கம் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள், கூட அவளுடைய 12 வயது மகள் ரீகன். பெண்ணுக்கு என்னவோ ஆகிறது. டாக்டர், ஸ்கேன், மனநல மருத்துவர் என்று எல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகு கடைசியில் பாதிரியார்கள் வருகிறார்கள். ஒருவர் விசுவாசம் தளர்ந்துபோன இளைய பாதிரியார் கராஸ், இன்னொருவர் வயதான மெரின். நாவலையும் திரைக்கதையையும் எழுதியவர் வில்லியம் பீட்டர் பிளாட்டி, இயக்கியவர் வில்லியம் ஃப்ரீட்கின். இந்த இரண்டு வடிவங்களின் சண்டை உண்மையில் இந்த இரண்டு பேரின் சண்டைதான். ஃப்ரீட்கின் வெட்டியதை பிளாட்டி இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக மறக்கவே இல்லை. வெட்டிய இடங்களில்தான் படத்தின் அர்த்தமே இருந்தது என்பது அவர் கட்சி. கடைசியில் 2000இல் ஃப்ரீட்கின் இறங்கி வந்து பலவற்றைத் திரும்பச் சேர்த்தார்.

நான் முதலில் பார்த்தது நீண்டதைத்தான், அப்போது அது நீண்டது என்றே தெரியாது. 2003 வாக்கில் ஹாஸ்டல் அறையில், 14 அங்குல டிவியில், இரண்டு விசிடியாக வாடகைக்கு எடுத்து, எட்டுப் பேர் இரண்டு கட்டிலில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். வார்டன் காதில் விழக்கூடாதென்று சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தோம், அதனால் பாதி வசனம் புரியவில்லை. படத்தில் கிறிஸ்ஸின் நண்பரான இயக்குநர் பர்க் டென்னிங்ஸ் செத்துப்போன செய்தி வருகிறது. அவள் அதிர்ந்து நிற்கும்போதே மாடிப்படியில் ரீகன் வானத்தைப் பார்த்து வில்லாக வளைந்து, கையும் காலும் ஊன்றி, சிலந்தி மாதிரி தடதடவென்று இறங்கி வருகிறாள், வாயில் ரத்தம். எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் துள்ளினோம். இரண்டு விநாடி கழித்து எவனோ ஒருவன் சிரித்தான், அப்புறம் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த பத்து நிமிடம் போய்விட்டது. மறுநாள் ஹாஸ்டல் காரிடாரில் ஒருத்தன் அப்படியே வளைந்து நடந்து காட்டப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டான் என்பது தனிக் கதை.

ரொம்ப நாள் கழித்து 1973 வடிவத்தைத் தனியாகப் பார்த்தேன். அதே செய்தி வருகிறது, பர்க் இறந்துவிட்டார், வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் படிக்கட்டில் விழுந்து கழுத்து முறிந்துவிட்டது. கிறிஸ் உடைந்து அழுகிறாள். சிலந்தி நடை இல்லை. படம் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. சற்று முன்னால்தான் கிறிஸ் வெளியே போய்விட்டு வீடு திரும்பியிருந்தாள், ரீகன் அறையில் ஜன்னல் திறந்து கிடந்தது, அறை சில்லென்று இருந்தது. பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி பர்க்கைத்தான் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள் என்று அதற்குப் பிறகுதான் தெரிய வந்தது. ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது? அந்தப் படிக்கட்டு. இதை யாரும் நமக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை, நாமே கூட்டிப் பார்த்துக்கொள்கிறோம். கூட்டி முடிக்கும்போது வருகிறதே ஒரு பயம், அது சிலந்தி நடையைப் பார்த்துத் துள்ளுகிற பயம் மாதிரி இல்லை, ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் கூடவே வருகிறது. நீண்ட வடிவத்தில் அந்தக் கணக்கைப் போட நமக்கு நேரமே தருவதில்லை. ஒரு சாவுச் செய்தி, அதன் மேலேயே ஒரு சாகசம்.

ஃப்ரீட்கின் அன்று அதை வெட்டியதற்கு இரண்டு காரணம். படத்தில் அது ரொம்பச் சீக்கிரம் வந்துவிடுகிறது என்று அவர் நினைத்தார். இன்னொன்று, ரீகனுக்குப் பதிலாக அப்படி நடந்த சண்டைக் கலைஞரைத் தாங்கிப் பிடித்த கம்பிகள் ஷாட்டில் தெரிந்தன, அந்தக் காலத்தில் அதை அழிக்க வழியில்லை. காட்சியே தொலைந்துவிட்டது என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்கள், 90களில் பிரிட்டிஷ் விமர்சகர் மார்க் கெர்மோட் தேடிப் பிடித்தார். 2000இல் கம்ப்யூட்டரில் கம்பியை அழித்துச் சேர்த்தாயிற்று. அழிக்க முடிந்தது என்பதால் சேர்த்தார்களோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

சரி, இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். சிலந்தி நடை இல்லாத எக்ஸார்சிஸ்ட்டைக் காட்டினால் "எங்கே அந்த சீன்?" என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். யூடியூபில் துண்டாக முதலில் பார்த்தவர்களுக்குப் படம் என்றாலே அதுதான். என் அக்கா மகன், கல்லூரியில் இரண்டாம் வருடம், அப்படித்தான். போன மாதம் 122ஐப் போட்டுக் காட்டினேன், முடிந்ததும் "மாமா, அவ படியில தலைகீழா வருவாளே, அதை கட் பண்ணிட்டீங்களா?" என்று என்னையே சந்தேகப்பட்டான். அவனுக்கு அது படத்தின் கையெழுத்து. அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, 2000க்குப் பிறகு வந்த பேய்ப் படங்களில் பாதி அந்த நடையைக் கடன் வாங்கியவைதான்.

நீண்ட வடிவத்துக்கு நியாயமாகக் கொடுக்கவேண்டிய ஒரு மார்க்கும் உண்டு. விருந்து நடக்கும் இரவில் ரீகன் கீழே வந்து கம்பளத்தில் சிறுநீர் கழித்துவிடுவாள். பிறகு குளிப்பாட்டும்போது அம்மா அவளிடம், டாக்டர் சொன்ன மாதிரி இது வெறும் நரம்புக் கோளாறுதான், மாத்திரையைச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பாள். 1973 வடிவத்தில் அதுவரை ஒரு டாக்டரும் வந்திருக்கமாட்டார்! எந்த டாக்டர், எந்த மாத்திரை என்று திரும்பி யோசித்தால் பதில் கிடையாது. வெட்டும்போது ஓட்டை விழுந்துவிட்டது. 132இல் அந்த முதல் டாக்டர் காட்சி இருக்கிறது, ஓட்டை அடைபடுகிறது. ஆனால் பாருங்கள், ஐந்தாறு தடவை பார்த்தும் நான் அந்த ஓட்டையைக் கவனிக்கவில்லை, ஒரு நண்பர் சொல்லித்தான் தெரிந்தது. கவனிக்காத ஓட்டையை அடைக்க, படத்தின் முதல் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் கனமாக்கிவிட்டார்கள். தர்க்கம் முக்கியம் என்கிறவர்களுக்கு 132 நிம்மதி தரும்.

இடையிடையே மின்னி மறையும் பேயின் வெள்ளை முகம் இருக்கிறதே, அதில்தான் எனக்கு 132இன் மேல் உண்மையான கோபம். மூல வடிவத்தில் கராஸ் தன் அம்மாவைக் கனவு காணும்போது கண் சிமிட்டும் நேரத்துக்கு அது வரும். பார்த்தோமா, இல்லையா என்றே தெரியாது. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் "என்ன முகம்?" என்பார். நீண்ட வடிவத்தில் அதைச் சமையலறையில் கொண்டுவந்து வைத்தார்கள், இருட்டில் சுவரில் வைத்தார்கள், டாக்டர் அறையிலும் வைத்தார்கள். மூன்றாவது தடவை வரும்போது "இதோ வந்துட்டான்" என்று ஆகிவிடுகிறது. சில இடங்களில் புது இசையும் சேர்ந்திருக்கிறது. இசையே ரொம்பக் குறைவு என்பதுதானே இந்தப் படத்தின் கெத்து? டியூபுலர் பெல்ஸ் என்று எல்லோரும் ரிங்டோனாக வைத்துக்கொண்ட அந்த மெட்டுகூட, நினைவில் படம் முழுக்க ஓடுவதாகத் தோன்றும், போய்ப் பார்த்தால் கொஞ்ச நேரம்தான் வருகிறது.

இப்போது அந்த ஒரு காட்சி. பேயோட்டும் சடங்கின் நடுவில் இரண்டு பாதிரியார்களும் களைத்துப்போய் வெளியே வந்து மாடிப்படியில் உட்காருகிறார்கள். 1973 வடிவத்தில் பேச்சே இல்லை, இரண்டு மனிதர்கள், களைப்பு, அவ்வளவுதான். 132இல் கராஸ் கேட்கிறார், ஏன் இந்தப் பெண், இதில் ஒரு அர்த்தமும் இல்லையே என்று. நம்மை நம்பிக்கை இழக்க வைப்பதுதான் பேயின் நோக்கம், நாமெல்லாம் மிருகம், அசிங்கம், கடவுள் நம்மை நேசிக்கவே முடியாது என்று நாமே முடிவு கட்டவேண்டும் என்பதற்காகத்தான் என்கிற மாதிரி மெரின் பதில் சொல்கிறார். பிளாட்டிக்கு உயிரான வசனம் இது. இது இல்லாவிட்டால் பேய் ஜெயித்துவிட்டதாகவே ஜனங்கள் நினைத்துக்கொண்டு போவார்கள் என்பது அவர் கவலை, அப்படி நினைத்தவர்களும் நிறையப் பேர்.

நாகர்கோவில் பக்கத்து நண்பர் ஒருவர், ஞாயிறு பூசை தவறாதவர், இந்தக் காட்சி இல்லாமல் படத்தைப் பார்ப்பதில் பிரயோஜனமே இல்லை என்பார். "இது இல்லேன்னா பேய்ப்படம்டே, இது இருந்தா வேற" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அவரோடு நான் பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். என் பக்கம் இதுதான். நம்மூர்ப் பேய்ப் படங்களில் இடைவேளைக்குப் பிறகு பேய்க்கு ஒரு ஃப்ளாஷ்பேக் வரும், யார் கொன்றார்கள், எந்த நிலத்துக்காக என்று எல்லாம் தெரிந்துவிடும், தெரிந்ததும் பாதி பயம் போய் பரிதாபம் வந்துவிடும். எக்ஸார்சிஸ்ட் அந்த வசதியைத் தராது. ஏன் இந்தக் குழந்தை? பதில் இல்லை. அந்தப் பதிலின்மைதான் ஆஸ்பத்திரிக் காரிடாரில் உட்கார்ந்திருக்கிற எந்தப் பெற்றோருக்கும் தெரிந்த பயம். மெரின் வாயைத் திறந்து பதில் சொன்னதும், அது எவ்வளவு நல்ல பதிலாக இருந்தாலும், பிடி கொஞ்சம் தளர்கிறது. ஆனாலும் மெரினாக வரும் மாக்ஸ் வான் சிடோ அதைச் சொல்கிற விதம் இருக்கிறதே... நண்பரிடம் தோற்றுவிடலாமோ என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். 132ஐ ஒரு காட்சிக்காகப் போடலாம் என்று மேலே சொன்னது இதைத்தான்.

முடிவுக் காட்சியில் எனக்குச் சஞ்சலமே இல்லை. 122இல் கராஸின் நண்பரான பாதிரியார் டையர் அந்த 75 படிகளின் தலைமாட்டில் நின்று கீழே பார்க்கிறார், திரும்பி நடக்கிறார், முடிந்தது. 132இல் போலீஸ்காரர் கிண்டர்மேன் வந்து சேர்ந்துகொள்ள, இருவரும் சினிமாவுக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறார்கள். வாழ்க்கை தொடர்கிறது, புது நட்பு மலர்கிறது, எல்லாம் சரி, ஆனால் இழவு வீட்டிலிருந்து நேரே டீக்கடைக்குக் கூட்டிப்போன மாதிரி இருக்கிறது எனக்கு. பின்னாளில் ஃப்ரீட்கினே நீண்ட வடிவம்தான் பிடிக்கும் என்று சொன்னார், அது அவர் படம், அவர் உரிமை.

படத்தின் தரம் பற்றி. இதில் இரண்டு வடிவத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பழைய டிவிடிக்கும் இதற்கும்தான் வித்தியாசம். "புள்ளி புள்ளியா இருக்கு, இதுவா 4கே?" என்று சிலர் கேட்கிறார்கள். அது ஃபிலிமின் இயல்பான மணல்தன்மை, அழித்தால் முகமெல்லாம் மெழுகு பொம்மை ஆகிவிடும். டிவியில் நாய்ஸ் ரிடக்ஷன், மோஷன் ஸ்மூத்திங் என்று எது ஆனில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள், முக்கியமாக இரண்டாவதை, இல்லாவிட்டால் ஃப்ரீட்கின் படம் மாலை ஆறரை மணி சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும்.

நல்ல பிரதியில் எதைப் பார்க்கவேண்டும் என்றால் அந்த மூச்சுக்காற்றை. ரீகனின் படுக்கையறை செட்டை ராட்சத ஏசி வைத்து உறைநிலைக்குக் கீழே குளிர்வித்திருக்கிறார்கள், நடிகர்கள் வாயிலிருந்து வரும் ஆவி நிஜம். கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள் கம்பளி கோட்டு போட்டுக்கொண்டு வேலை செய்ய, ரீகனாக நடித்த லிண்டா பிளேருக்கு மட்டும் மெல்லிய இரவு உடை. ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அந்த ஆவிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்திருப்பதால், ஜெபம் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லும் வெள்ளையாக வெளியே வந்து கரைகிறது. விசிடியில் நாங்கள் அதைப் புகை என்று நினைத்தோம். அப்புறம் மெரின் டாக்ஸியிலிருந்து இறங்கித் தெருவிளக்கின் கீழ் நிற்கும் அந்தப் புகழ்பெற்ற ஷாட், பெல்ஜிய ஓவியர் மக்ரித்தின் ஓவியத்தைப் பார்த்து அமைத்தது. மட்டமான ஸ்ட்ரீமிங்கில் அந்தப் பனிமூட்டம் வளையம் வளையமாகக் கோடு விழுந்து தெரியும். நல்ல பிரதியில் வெளிச்சம் இருட்டுக்குள் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. வாங்குவதா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் அந்த ஒரு ஷாட்டை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

துல்லியத்தால் நஷ்டமும் உண்டு. ரீகனின் தலை முழுக்கச் சுற்றித் திரும்பும் காட்சியில் "பொம்மை தெரியுது மாமா" என்றான் மருமகன், உண்மைதான், தெரிகிறது. அதே மேக்கப் கலைஞர் டிக் ஸ்மித் போட்ட இன்னொரு மேக்கப்பைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. மெரினாக நடித்தபோது வான் சிடோவுக்கு நாற்பத்து நான்கு வயதுதான் என்று படம் முடிந்தபிறகு சொன்னேன். நம்பாமல் போனை எடுத்துத் தேடினான்.

சத்தம் தனி விவகாரம். 1973இல் தியேட்டரில் ஒற்றைத் தடத்தில் வரும் மோனோ ஒலிதான், புது வெளியீட்டில் சுற்றிலும் கேட்கும் அட்மாஸ். சத்தத்துக்காக ஆஸ்கர் வாங்கிய படம் இது, அதில் பன்றிகளின் அலறல் இருக்கிறது, பேய்க்காகப் பேசிய மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜின் குரல் இருக்கிறது, கழுத்து திரும்பும் சத்தத்துக்கு மெக்சிகோக்காரர் கொன்சாலோ கவிரா ஒரு பழைய தோல் பர்ஸை மைக் அருகே வைத்து முறுக்கினார். வீட்டில் சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் அட்மாஸை மெச்சுகிறார்கள், அறைக்குள் குரல் அலைகிறது என்கிறார்கள். எனக்கு அந்தக் குரல் ஒரே இடத்திலிருந்து, கட்டிலில் கிடக்கும் அந்தச் சின்ன உடம்பிலிருந்து வந்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. எது பிடித்தாலும் டிவியின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், நல்ல ஹெட்போன் அதைவிட எவ்வளவோ மேல்.

தியேட்டரா வீடா என்று கேட்டால், எங்கேயாவது திரும்பப் போட்டால் போகலாம், ஆனால் கூட்டம் சிரிக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். 1974இல் ஜனங்கள் குளிரில் வரிசையில் நின்று பார்த்து மயங்கி விழுந்தார்கள் என்றால், இன்றைக்கு ரீகன் எடுக்கும் பச்சை வாந்திக்குக் கைதட்டல் விழுகிறது. எனக்கு வீடே போதும், விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு மூன்று பேரோடு.

என் வீட்டில் அன்று கடைசிவரை சிரிக்காத ஒரே ஆள் அக்காதான். பேய் வந்த காட்சியெல்லாம் கடலை கொறித்துக்கொண்டே பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ரீகனைப் படுக்கவைத்து, கழுத்தில் ஊசி குத்தி, ரத்தம் பீச்ச, மெஷின் டமார் டமாரென்று அடிக்க ஆரம்பித்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் மகனுக்கு ஐந்து வயதில் வலிப்பு வந்து இப்படித்தான் ஒவ்வொரு டெஸ்ட்டாக அலைந்தார்கள். அந்தக் காட்சி 122இலும் இருக்கிறது, 132இலும் ஒரு பிரேம் குறையாமல் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் அதை மட்டும் தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

கையில் இருப்பது எந்த வடிவம் என்று அட்டையைப் பார்த்துத் தெரியாவிட்டால் ஓடும் நேரத்தைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஆரம்பத்தைப் பாருங்கள். ராத்திரியில் அந்த வீடும் பிறகு மாதா சிலையும் வந்தால் நீண்டது. எடுத்த எடுப்பில் ஈராக்கின் சூரியனும் பாங்கோசையுமாக ஆரம்பித்தால் 1973. மருமகன் இந்த ஞாயிற்றுக்கிழமை 132ஐப் போடச் சொல்லியிருக்கிறான், படியில் வருகிற சீனுக்காக. நான் மெரின் பேசுவதைக் கேட்க உட்காருவேன். அக்கா அன்றைக்குக் கோயிலுக்குப் போகிறாளாம்.